ஒற்றை நாற்காலிப் பரீட்சை

அன்று காலை வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அங்கே இல்லாதவர்கள்தான் இந்த விஷயத்தை அதிகம் பேசுகிறார்கள். நான் இருந்தேன். என் மனைவி இருந்தாள். மகன் இருந்தான்; கடையில் வாங்கும் குளிர்சாதனப் பெட்டிகளை வீடுவீடாகக் கொண்டுபோய் இறக்கும் வேனை ஓட்டுகிறவன், அன்று விடுப்புப் போட்டிருந்தான். மருமகள் இருந்தாள், பரீட்சை அவளுக்கு. மனைவியின் தம்பியும் இருந்தான். அவன் சாவி வெட்டும் கடை வைத்திருக்கிறான். சட்டப் புத்தகத்தைக் கையால் தொட்டதில்லை என்றாலும் எதற்கெடுத்தாலும் வாதம் செய்வதால் எல்லோரும் அவனை வக்கீல் என்றே கூப்பிடுவார்கள். இவர்களைத் தவிர வேறு யாரும் இல்லை. கீழ்வீட்டுத் தையல்காரர் நேரில் பார்த்ததுபோலச் சொல்லித் திரிகிறார். அவர் அப்போது தம் கடையில் யாருக்கோ கழுத்தளவு எடுத்துக்கொண்டிருந்தார்.

நான் பஸ் டிப்போவில் நேரக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர் அறைக்குள் வந்தால் சிறியவர் எழுந்திருப்பார். பெரியவர் உட்கார்ந்த பிறகே தாமும் உட்காருவார். இருப்பது ஒரே நாற்காலி என்றால் அது பெரியவருக்கு. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. மருமகள் இந்த வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே தானாகப் பிடித்துக்கொண்டாள். என் மகனைவிட அவள் எழுந்திருப்பதில் ஒரு நேர்த்தி இருக்கும்.

அவள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறாள். அங்கே மேலாளராக இருக்கும் அம்மாள் ஓய்வு பெறப்போகிறார். அந்த இடத்தை இவளுக்கே கொடுக்க டாக்டருக்கு விருப்பம். ஆனால் பட்டம் இல்லாதவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்க முதலாளிகள் சம்மதிக்கவில்லை. பகல் கல்லூரிக்குப் போனால் வேலை போய்விடும். மாலைக் கல்லூரிக்கு ஊரின் மறுகோடிவரை போக வேண்டும். கட்டணமும் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அவளே தேடிப்பிடித்து ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். முன்பு படித்த டிப்ளமாவையும் மருத்துவமனை அனுபவத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பாதிப் பாடங்களைக் கழித்துவிட்டார்களாம். மீதியை ஒவ்வொரு பாடமாக, முடியும்போது எழுதலாம். எழுதும் பாடத்துக்கு மட்டும் பணம் கட்டினால் போதும்.

"அப்போ தவணையில பட்டம்னு சொல்லு" என்றான் வக்கீல். "ஃப்ரிட்ஜுக்குத்தான் தவணை பார்த்திருக்கேன்."

"ஃப்ரிட்ஜ் கெட்டுப்போகும் சித்தப்பா. இது கெடாது" என்றாள் மருமகள்.

எனக்கு முதலில் இது பிடிக்கவில்லை. கல்லூரி வாசற்படியை மிதிக்காமல் வரும் பட்டத்தை என்ன சொல்லிச் சபையில் அறிமுகப்படுத்துவது? ஆனால் அவள் படித்த விதத்தைப் பார்த்தேன். மகனுடைய வேனில் முன் இருக்கையில் உட்கார்ந்து மருத்துவமனைக்குப் போகும்போது பாடம் கேட்பாள். நோயாளிகள் வராத நேரத்தில் மேசைக்கடியில் புத்தகம் திறந்திருக்கும். புத்தகம் எல்லாம் பொது நூலகத்தில் எடுத்தது. துணி மடிக்கும்போது உதடு அசையும். என் சட்டைக் கைகளை மடித்துக்கொண்டே எதையோ சதவீதத்தில் முணுமுணுப்பாள். அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

கடைசிப் பாடம் புள்ளியியல். வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம் என்றார்கள். அதற்கு நிபந்தனைகள் உண்டு. அறையில் அவள் ஒருத்திதான் இருக்க வேண்டும். மேசையில் ஒன்றும் இருக்கக் கூடாது. சுவரில் எழுத்துள்ள எதுவும் தொங்கக் கூடாது. நாற்காலி ஒன்றுதான். இதைக் கேட்ட பிறகு எனக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின்மேல் மரியாதை வந்தது. நானே நாட்காட்டியைக் கழற்றினேன். இரண்டாவது நாற்காலியை வெளியே கொண்டுவந்து கதவுக்கு முன் போட்டு அதில் உட்கார்ந்தேன்.

"நீங்க காவலா?" என்றாள் மனைவி.

"வேற யாரை நம்பறது? உன் தம்பியையா?"

"நான் என்ன அத்தான் பண்ணேன்?" என்றான் வக்கீல் கூடத்திலிருந்து.

"பேசாதே. அதைத்தான் பண்ணாதே."

பரீட்சையைத் தொலைவிலிருந்து கண்காணிப்பார்கள் என்று மருமகள் சொல்லியிருந்தாள். கண்காணிப்பவர் பேசுவார் என்று சொல்லவில்லை. பாதிப் பரீட்சையில் அறைக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

"ரெண்டு கையையும் மேல தூக்குங்க."

எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

"முடியை ஒதுக்கிக் காதைக் காட்டுங்க. இன்னொரு காது."

அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. ஜன்னல் கம்பி போட்டது. எவனோ ஒருவன் உள்ளே நின்று என் மருமகளின் காதைப் பார்க்கிறான். நான் கதவைத் திறந்தேன்.

மருமகள் எழுந்து நின்றாள். எழுந்ததோடு நாற்காலியை எனக்காகத் திருப்பிப் போட்டு ஒதுங்கினாள். நானும் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு யாரையும் விசாரித்து எனக்குப் பழக்கமில்லை. கணினித் திரையில் காதில் ஹெட்போன் மாட்டிய ஓர் இளைஞன் என்னை முறைத்துக்கொண்டிருந்தான்.

"சார், யார் நீங்க?"

"அதை நான் கேக்கணும். என் வீட்டுக்குள்ள வந்து கையைத் தூக்கு, காதைக் காட்டுங்கற. நீ யாரு?"

"பரீட்சை எழுதறவங்க சீட்ல உட்கார்ந்திருக்கீங்க சார்."

"இது என் வீட்டு நாற்காலி."

"மாமா" என்றாள் மருமகள் மிக மெல்ல. "அவர்தான் சூப்பர்வைசர்."

நான் உடனே எழுந்தேன். ஆனால் அதற்குள் திரையில் சிவப்பு எழுத்து வந்துவிட்டது. தேர்வு நிறுத்தப்பட்டது, தேர்வர் இருக்கையில் வேறொரு நபர், ஆள்மாறாட்டச் சந்தேகம்.

மருமகள் அழவில்லை. கணினியை மூடினாள். "பரவாயில்ல மாமா" என்றாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆள்மாறாட்டம் உறுதியானால் இதுவரை தேறிய பாடங்கள் எல்லாமே ரத்தாகும் என்று மறுநாள் தகவல் வந்தது. மூன்று பேர் கொண்ட குழு அவளையும் என்னையும் கணினி வழியாக விசாரிக்கும். மருத்துவமனையில் மேலாளர் அம்மாளுக்கு வழியனுப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

வக்கீல் விதிமுறைகளை ஒன்றுவிடாமல் படித்துவிட்டு வந்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு உண்மையான வழக்கு கிடைத்திருந்தது.

"ஒரு வழி இருக்கு அத்தான். வீட்ல இருக்கற யாருக்காவது மறதி நோய் மாதிரி இருந்து, அவங்க குறுக்கே வந்துட்டா, விசாரணையே கிடையாது. மறுபடி எழுதலாம்."

"யாருக்கு மறதி?"

வக்கீல் கூரையைப் பார்த்தான்.

"உங்களுக்குத்தான்" என்றாள் மனைவி. "வேற யாரு உள்ள போனது?"

"எனக்கா? முப்பத்தேழாம் நம்பர் பஸ் எந்தெந்த நிறுத்தத்துக்கு எப்ப வரும்னு இப்பக் கேளு."

"அதையெல்லாம் அங்க சொல்லிடாதீங்கப்பா" என்றான் மகன். "ஒரு வார்த்தைதானே. எனக்கு ஞாபகம் சரியில்லன்னு சொன்னா முடிஞ்சுது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மருமகள் மட்டும் பார்க்கவில்லை.

"மாமாவுக்கு மறதின்னு நான் சொல்லமாட்டேன்" என்றாள். "அவங்க சொன்னாலும் இல்லன்னு சொல்லிடுவேன்."

"பட்டம் போயிடும்மா" என்றான் வக்கீல்.

"போகட்டும் சித்தப்பா. மறுபடி முதல்லேருந்து படிக்கறேன். பொய் சொல்லி வாங்கினா அதை எங்க மாட்டறது?"

எங்கே மாட்டுவது என்பது என் கேள்வி. கேட்க வேண்டியவன் நான். அவள் முந்திக்கொண்டாள்.

விசாரணை நாளில் இரண்டு நாற்காலிகள் போடப்பட்டன. திரையில் மூன்று முகங்கள் தெரிந்தன. நடுவில் தலைவர், கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். இருபுறமும் இளம் பேராசிரியர்கள். ஒருவருக்குத் தாடி இருந்தது. பதிவை ஓட்டிக் காட்டினார்கள். கதவு திறப்பதும், அவள் எழுவதும், திரை முழுக்க என் முகம் வருவதும் தெரிந்தது. பார்ப்பதற்குத் திருடன்போல இல்லை. முதலாளிபோல இருந்தது. அது இன்னும் மோசம்.

"எதுக்கு எழுந்தீங்க?" என்று தலைவர் மருமகளைக் கேட்டார்.

"மாமா வந்தாங்க மேடம்."

"வந்தா?"

"எழுந்திருப்போம்."

தாடிக்காரர் சிரித்தார். "பரீட்சையிலகூடவா? நம்பற மாதிரி இல்லையே. யோசிக்கமாட்டீங்களா?"

"யோசிச்சிருந்தா உட்கார்ந்தே இருந்திருப்பேன் சார். யோசிக்கல."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "ஐயா, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கு ஞாபகத்துல ஏதாவது தொந்தரவு உண்டா? இருந்தா சொல்லுங்க. இது இத்தோட முடிஞ்சிடும்."

கதவுக்கு வெளியே வக்கீல் மூச்சை இழுத்துப் பிடிப்பது எனக்குக் கேட்டது.

"இல்லை அம்மா. நல்லாவே இருக்கு. குரல் கேட்டுது, திறந்தேன். நாற்காலி கொடுத்தா, உட்கார்ந்தேன்."

"அவங்களுக்குப் பதிலா நீங்க எழுத உட்காரலைங்கறதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார் தாடிக்காரர்.

எனக்கு அப்போதுதான் தோன்றியது.

"அந்தக் கேள்வித்தாள் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு."

"அதிலிருந்து என்னைக் கேளுங்க. ஒண்ணுக்காவது நான் சரியாப் பதில் சொன்னா இவளை நீக்கிடுங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தாடிக்காரர் ஒரு தாளை எடுத்தார்.

"திட்டவிலக்கம்னா என்ன?"

"தெரியாது."

"இடைநிலை அளவு?"

"தெரியாது."

"ஒட்டுறவுக் கெழு பூஜ்ஜியம்னா என்ன அர்த்தம்?"

"கேள்வியே புரியல. தெரியாது."

அவர் விடவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து உட்கார்ந்து தெரியாது என்றேன். என் வீட்டில் நான் அந்தச் சொல்லைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. டிப்போவிலும் கேட்டதில்லை. பக்கத்தில் மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள். என்னைப் பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"போதும்" என்றார் தலைவர், தாடிக்காரரிடம். பிறகு மருமகளிடம், "அந்த ஒட்டுறவுக் கெழு கேள்விக்கு நீங்க சொல்லுங்க."

அவள் தடுமாறாமல் சொன்னாள். இரண்டு விஷயங்களுக்கு நடுவே நேர்க்கோட்டுத் தொடர்பு இல்லை என்று அர்த்தமாம். தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாதாம். தாடிக்காரர் தலையசைத்தார்.

தீர்ப்பு அன்று மாலையே வந்தது. ஆள்மாறாட்டம் இல்லை. தேறிய பாடங்கள் அப்படியே நிற்கும். புள்ளியியலை மறுபடி எழுதலாம், கட்டணம் வேண்டாம். ஆனால் இந்த வீடு தேர்வு எழுத ஏற்றதல்ல என்பதால் பொது நூலகத்தில் அதற்கென்று இருக்கும் அறையில்தான் எழுத வேண்டும்.

"பாத்தீங்களா, நம்ம வீட்டையே ஃபெயில் ஆக்கிட்டாங்க" என்றான் வக்கீல்.

"வாயை மூடுறா" என்றாள் அவன் அக்கா. பிறகு என்னிடம் வந்தாள். "எத்தனை தடவை தெரியாதுன்னீங்க! கல்யாணம் ஆனதிலேருந்து என்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கீங்களா?"

"நீ புள்ளியியல் கேட்டதில்லையே."

நூலகத்துக்கு மகன்தான் அவளை வேனில் கூட்டிப்போனான். நானும் போனேன், உள்ளே போகவில்லை. எதிர்ச்சாரியில் இருந்த செருப்புக்கடை வாசலில் நின்றேன். கடைக்காரர் உட்காரச் சொல்லி ஒரு முக்காலியைத் தள்ளினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் வெளியே வந்தபோது முகத்தைப் பார்த்ததுமே நன்றாக எழுதியிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது.

"எப்படி எழுதின?"

"ஒரு கேள்விதான் மாமா சந்தேகம்."

"எது?"

சொன்னாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "பார்த்துக்கலாம்" என்றேன்.

தேறிவிட்டாள். இப்போது மருத்துவமனையில் மேலாளர் அறை அவளுடையது. பட்டத்தைக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். ஆணி நான் அடித்தது.

கடைசியாக ஒன்று. மருமகளின் பரீட்சையை மாமனார் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார், அதனால்தான் தேறினாள் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. தையல்காரர் அதற்கு மேலும் இரண்டு தையல் போட்டு அனுப்புகிறார். அது பொய். உட்கார்ந்தது உண்மை. எழுதவில்லை. எனக்கு அதில் ஒரு கேள்விக்குக்கூட விடை தெரியாது.