வந்தாரா, வரவில்லையா

திருவொற்றியூரில் ரயில்பாதையை ஒட்டியிருந்த அந்தச் சிறிய நீதிமன்றத்துக்கு 2002-ல் கம்ப்யூட்டர் வந்தது. வழக்குகளை அதில் ஏற்ற டேட்டாபேஸ் வடிவமைக்க யசோதராவை அனுப்பினார்கள். வியாசர்பாடிப் பெண், கம்பெனியில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. வழக்குகளுக்கு ஒரு அட்டவணை, வாதி பிரதிவாதிகளுக்கு ஒன்று, வாய்தாக்களுக்கு ஒன்று என்று பிரித்து, வழக்கு எண்ணை வைத்து மூன்றையும் கோத்தாள். வாய்தா அட்டவணையில் ஒவ்வொரு ஆளுக்கும் ‘வந்தார்’ அல்லது ‘வரவில்லை’ என்று ஏதாவது ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டும். காலியாக விட்டால் ஏற்காது. அப்படித்தான் அவளே அதைக் கட்டியிருந்தாள்.

சோதித்துப் பார்க்க நடப்பு வழக்குகளை ஏற்றிக்கொண்டு வந்தவள் கெங்கம்மாவின் வழக்கில் நின்றுவிட்டாள். கெங்கம்மா எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்காரி. அவள் புருஷன் கோதண்டம் முகத்துவாரத்தில் வலை வீசப் போனவன். எட்டு வருஷமாகத் திரும்பவில்லை. வீடு அவன் பெயரில் இருந்ததால், அவன் இறந்துவிட்டதாக அறிவிக்கக் கேட்டு வழக்கு. ஒருவேளை ஆள் வந்து நின்றுவிட்டால்? அதனால் ஒவ்வொரு வாய்தாவிலும் அவன் பெயரையும் கூப்பிடச் சொல்லி உத்தரவு. வழக்குக் கட்டைப் பிரித்தால் எல்லா வாய்தாவுக்கும் ஒரே குறிப்பு: ‘அழைத்தபோது பதில் வந்தது. ஆள் இல்லை. ஒத்திவைக்கப்பட்டது.’

கோர்ட் வாசலில் நின்று பெயர்களைக் கூப்பிடும் டவாலி தண்டபாணியிடம் போனாள்.

“இன்னாண்ணா இது? இவரு வந்தாரா, வரலயா?”

“நாளைக்கு அந்தக் கேஸு கீதும்மா. நீயே வந்து கேட்டுக்க. என்னைக் கேக்காத.”

மறுநாள் காலை அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தண்டபாணி வாசலில் நின்று, “கோதண்டம்... கோதண்டம்... கோதண்டம்...” என்று கூப்பிட்டார்.

“கீறேன்” என்றது வராந்தாவிலிருந்து ஒரு குரல். ரேஷன் கடை வரிசையில் நிற்பவன் சொல்வதுபோல, சாதாரணமாக. வக்கீல்கள் தலை நிமிராமல் தாள்களைப் புரட்டினார்கள். கெங்கம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

யசோதரா எழுந்து வெளியே ஓடினாள். வராந்தா பெஞ்சில் ஒரு பெரியவர் மட்டும் இருந்தார்.

“இப்ப பதில் சொன்னது யாருங்க?”

“உன்னத் தாண்டிக்கினு உள்ள போனாரே, அவருதாம்மா.”

அவளை யாரும் தாண்டிப் போகவில்லை.

வழக்கு மறுபடி தள்ளிப்போயிற்று. ஜெராக்ஸ் கடை நிழலில் நின்றிருந்த கெங்கம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அவரு கொரலுதான் கண்ணு” என்றாள் கெங்கம்மா. “மொதல்ல பயந்தேன். அப்பறம் அந்தக் கொரலக் கேக்கவே வந்துகினு இருந்தேன். வூட்டுக்கு வர்றதில்ல. கனாவுலயும் வர்றதில்ல. இங்க மட்டுந்தான்.”

முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பொண்ணு வளந்துடுச்சு. எனக்கு வூடு வேணும். அவரத்தான் எத்தினி நாளு வாசல்ல நிக்க வைக்கிறது? வரலன்னு போட்டுடு.”

அன்று மாலை யசோதரா ஒவ்வொரு வாய்தாவுக்கும் ‘வரவில்லை’ என்று கொடுத்தாள். கம்ப்யூட்டர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வாய்தாவில் நீதிபதி முன்னால் கட்டுக்குப் பதில் கம்ப்யூட்டர் அச்சடித்த தாள் இருந்தது. தண்டபாணி கூப்பிட்டார்.

“கீறேன்.”

இந்த முறை குரல் உள்ளேயிருந்து வந்தது, கெங்கம்மாவின் பக்கத்திலிருந்து. நீதிபதியின் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். இறந்ததாக அறிவிக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார்.

கெங்கம்மா எழுந்தாள். பக்கத்தில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, “போய்ட்டு வாய்யா” என்றாள் மெல்ல.

வெளியே வந்ததும் யசோதராவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “இன்னா சொல்லிட்டேன் பாத்தியா கண்ணு. போன்னு சொல்லாம, போய்ட்டு வான்னுட்டேன்.”

யசோதரா அவளைக் கூட்டிப்போய் எண்ணூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். ஷிஃப்ட் விட்ட நேரம். படிக்கட்டு வரை ஆட்கள் தொங்கினார்கள். நடுவில் ஒரு இரட்டை சீட் மட்டும் காலியாக இருந்தது. கெங்கம்மா அதில் உட்கார்ந்து, சற்று யோசித்து, ஜன்னலோரமாக நகர்ந்து இடம்விட்டாள்.

பஸ் கிளம்பும்வரை அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.