வேலியில்லா முற்றம்

கண்டாவளையில் தாட்சாயினி கட்டிக்கொடுத்த நாலு வீட்டுக்கும் முற்றம் ஒன்றுதான். வேலி கிடையாது. அதுதான் அந்தக் கட்டடத்தின் விசேஷமே. சுவரும் கூரையும் மழைக்காகப் போட்டவை.

பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பாடம் எடுக்கும்போது அவள் இதை விஸ்தாரமாக இழுப்பாள். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் மனிதரைக் கொங்கிறீற் மாடிகளில் அடுக்கினார்கள். அடுத்து வந்தவர்கள், வீட்டை விடு, வீடுகளுக்கு நடுவே கிடக்கும் வெளிதான் ஊரை உண்டாக்குகிறது என்றார்கள். அதற்கடுத்தவர்கள் அந்தந்த மண்ணைக் கேட்டுக் கட்டு என்றார்கள். இப்போதுள்ளவர்களோ குடியிருப்பவரே கட்டடக்கலைஞர் என்கிறார்கள். எல்லாரிடமும் ஒவ்வொரு சிட்டிகை எடுத்து அவள் சமைத்ததுதான் இந்த முற்றம். யுத்தம் பிரித்தவர்களை முற்றம் சேர்க்கும் என்பது அவள் கட்சி. குடிவந்தவர்கள் யாழ்ப்பாணத்து வழிவந்தவர்கள், ஒரு சாண் வேலிக்குத் தலைமுறை தலைமுறையாய் வழக்காடிய வம்சம் என்பதை, அவள் கேட்டபோது மண் சொல்லாமல் விட்டுவிட்டது.

இன்று காலை நிதி கொடுக்கும் நிறுவனத்தார் பார்வையிட வருகிறார்கள். முற்றம் பிடித்தால் அடுத்த நாற்பது வீடும் அவள் கையில். பிடிக்காவிட்டால் வேறொருவன் கையில். முன்னதாகவே வந்து இறங்கினாள். முற்றத்தின் நட்டநடுவே கிளுவைக் கம்புகளைக் கதியாலாக நட்டு, கிடுகு கட்டி, புத்தம்புது வேலி நின்றது.

"ஆர் இதைப் போட்டது?"

"நான்தான்," என்றார் கிழக்கு வீட்டு அன்னபாக்கியம், இடுப்பில் கையூன்றி.

"அம்மா, இது பொது முற்றமெண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"பொது எண்டால் தயாபரன்ரை கோழியும் பொதுவோ? என்ரை மிளகாய்க் கண்டுக்கை நிண்டு கிளறுது. கலைச்சால், பொது முற்றம்தானே எண்டு அவன் பல்லைக் காட்டுறான்."

மேற்கு வீட்டு வாசலில் தயாபரன் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான். "மிஸ், வேலி நல்லது. இவாவின்ரை முகத்திலை முழிக்காமல் இப்பதான் நிம்மதியாய்த் தேத்தண்ணி குடிக்கிறன்." சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டான்.

தாட்சாயினி குரலைத் தணித்தாள். "பிடுங்குங்கோ அம்மா. மத்தியானம் வரைக்கும்தான். பிறகு நடலாம்."

"நடேக்கை மேற்கை ஒரு முழம் தள்ளி நடுவன்."

"ஐயோ, அது தயாபரன்ரை பக்கம்!"

"உங்கடை பிளானிலை ஒருத்தருக்கும் பக்கம் இல்லையே, பிள்ளை. நீங்கள்தானே கீறினது?"

"அரை முழம்."

"முக்கால். நீங்களும் நிண்டு கயிறு பிடிக்கோணும். பிறகு அவன் என்னைக் கள்ளி எண்டு கதைக்கக் கூடாது."

எல்லைகள் மனிதரின் வெறும் கற்பனை என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுத்த அதே வாயால் அவள் "ஓம்" என்றாள்.

வந்தவர்கள் மயங்கிப்போனார்கள். அன்னபாக்கியம் வேலி நின்ற இடத்திலேயே கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். அவர்களில் ஒரு வெள்ளைக்காரர் குனிந்து, வரிசையாக இருக்கும் இந்தக் குழிகள் என்ன என்று கேட்டார். வேப்பங்கன்று நடுவதற்கு, குடியிருப்பவர்களே எடுத்த முடிவு என்றாள் தாட்சாயினி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது வீடும் அந்த இடத்திலேயே அவளுக்கென்று ஆயிற்று.

அவர்கள் போனதும் கயிற்றின் ஒரு நுனியை அன்னபாக்கியம் பிடித்தார், மறு நுனியைத் தாட்சாயினி பிடித்தாள். அப்போது பார்த்துத் தயாபரன் வந்து இறங்கினான். அவன் கயிற்றைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தான். அவசரத்தில் ஒருவரும் மூடாத பழைய குழிகள் கயிற்றுக்கு முக்கால் முழம் கிழக்கே வாயைத் திறந்துகொண்டு கிடந்தன.

"வேலி பிரிக்கும், முற்றம் சேர்க்கும் எண்டு கூட்டம் வைச்சுச் சொன்னனீங்கள், மிஸ். விசரன் மாதிரிக் கை தட்டினனான்."

"அவவை வெருட்டாதை," என்றார் அன்னபாக்கியம். "எல்லை காட்டினது வீடு கட்டின ஆள். அதைவிட உனக்கு ஆர் வேணும்?"

தயாபரன் குழிகளைப் படம் எடுத்தான். பிறகு கயிறும் கையுமாக நின்றவளை எடுத்தான். "இந்த எல்லை வழக்கை இணக்கசபைக்குக் கொண்டுபோறன். முதல் சாட்சி நீங்கள்தான்."

தாட்சாயினியின் தொலைபேசி அடித்தது. காலையில் வந்துபோனவர்கள். முற்றத்தைப் படம் எடுக்க நாளைக்கு ஆள் வருகிறது, அப்படியே இருக்கட்டும் என்றார்கள். "நாளைக்கோ? ஓம் சேர்," என்று அவள் சொன்ன தொனியிலேயே அன்னபாக்கியத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அப்ப நாளைக்கும் பிடுங்கோணும். இன்னும் கால் முழம் வரும், பிள்ளை."

தயாபரன் ஒருகணம் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். படம் எடுத்த தன் தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டான்.

"மிஸ், உவவை விடுங்கோ. என்னோடை கதையுங்கோ. வேலியைக் கிழக்கை ஒரு முழம் தள்ளித் தாங்கோ, சாட்சிக்குக் கூப்பிடமாட்டன்."