இரட்டை பிரேக்

"காலை எடுங்க," என்றான் தம்பி.

அவள் குனிந்து பார்த்தாள். தன் வலது கால் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. அது அப்பாவின் டிரைவிங் ஸ்கூல் கார். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச். கல்யாணத்துக்கு முன்பு அந்த சீட்டில் உட்கார்ந்து எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறாள்! கால் எதையும் மறக்கவில்லை. தம்பிதான் மறந்துவிட்டான். 'நீ, வா, போ' என்று பேசிக்கொண்டிருந்தவன் இப்போது 'எடுங்க' என்கிறான். மரியாதை கொடுத்தே ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடலாம் போல.

"லாரி கிட்ட வந்துச்சு," என்றாள்.

"எனக்கும் கண்ணு இருக்கு."

பின்னால் வேனில் அப்பா வந்துகொண்டிருந்தார், கண்ணாடிப் பெட்டிக்குள். காலையில் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று. அவளுக்குப் போன் செய்தது தம்பி அல்ல, பழைய மாணவி ஒருத்தி. அடித்துப் பிடித்து ஓடிப் போனபோது பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்ததே அங்கே போய்த்தான் அவளுக்குத் தெரியும்.

வேனில்தான் ஏறப் போனாள். ஆனால் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. கடைசியில் அப்பா தன்னைக் கேட்டாரா? அதைச் சொல்லக்கூடியவன் இவன் ஒருத்தன்தான். அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு இவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவள் செய்த குற்றம், எதிர்வரிசையில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவனைக் கட்டிக்கொண்டது. வேறு எவனோடு போயிருந்தாலும் அப்பா ஒரு வருஷத்தில் இறங்கி வந்திருப்பார். போய்ப் போய் போட்டிக் கடைக்காரனா! "அவனுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதுடி," என்று தெருவே கேட்கக் கத்தினார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்றான் தம்பி.

"நான்தான் வேணாம்னேன். நீ ஏதாவது பேசுவே."

"நான் என்ன பேசப் போறேன்? இன்னைக்கு எங்க ஸ்கூல் பூட்டு. எங்ககிட்ட பழகுற பசங்க ரெண்டு பேரு அவரு ஸ்கூலுக்குப் போயிருப்பாங்க. அவருக்கு இழவுலயும் வரவுதான்."

நாக்கு நுனி வரை வந்த பதிலை விழுங்கினாள். முதலில் கேள்வி, சண்டை பிறகு.

வளைவில் ஒரு பஸ்ஸை முந்தப் பார்த்தான். எதிரே டிராக்டர். அவன் ஒதுங்கத்தான் போனான். அதற்குள் அவள் கால் பிரேக்கை ஓங்கி மிதித்துவிட்டது. கார் குலுங்கி நின்றது. பின்னால் டமாரென்று ஒரு சத்தம்.

பஸ் போய்விட்டது. காரை ஓரங்கட்டி இருவரும் இறங்கினார்கள். காரின் முதுகில் அப்பா மாட்டிய பலகை நசுங்கியிருந்தது: 'பழகுபவர் வாகனம். இடைவெளி விடவும்.'

வேன் டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். "போர்டைப் படிச்சேன் தம்பி, படிக்காம இல்ல. பொணத்தைக் கொண்டு போறப்ப யாரு வண்டி பழகுவாங்கன்னு நெனச்சேன்."

தம்பி பலகையைப் பார்த்தான், வேனைப் பார்த்தான். "வாழ்நாள் பூரா ஒரு கீறல் விழாம ஓட்டின மனுஷன். செத்தப்புறம் வந்து சொந்த வண்டியிலயே இடிச்சுட்டாரே!"

அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு பீறிட்டது. அவனும் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தான். "ஐயோ அக்கா, முடியல..." என்றான். வேன் டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இது நமக்கு ஆகாது என்று தன் வண்டிக்குப் போய்விட்டார்.

அக்கா என்று கூப்பிட்டுவிட்டான். இதைவிட்டால் வேறு நேரம் வாய்க்காது.

"அப்பா என்னைக் கேட்டாராடா?"

அவன் சிரிப்பு நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"கேட்டாரு."

"எப்ப?"

"படுத்ததுலேருந்து தினமும். பொண்ணு வந்துட்டாளா, பொண்ணு வந்துட்டாளான்னு."

"நீ என்ன சொன்னே?"

"தகவல் சொல்லியாச்சு, வரமாட்டேங்குறான்னேன்."

ஒரு லாரி கடந்து போனது. முகத்தில் அடித்த புழுதியை முந்தானையால் துடைத்தாள்.

"ஏன்டா?"

"ஏனா? பீ மூத்திரம் அள்ளினது நானு. திட்டு வாங்கினது நானு. நீ ஒருநாள் வந்து கையப் புடிச்சா, எம் பொண்ணு தங்கம்னு சொல்லிட்டுக் கண்ண மூடியிருப்பாரு. அப்ப நான் யாரு?"

அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. அவன் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

"வரமாட்டேங்குறான்னதும் என்ன சொன்னாரு?"

"என்ன சொன்னாரு... பாவம், அவளுக்கு என்ன வேலையோன்னாரு."

அவள் காரிலிருந்து கைப்பையை எடுத்துக்கொண்டு வேனை நோக்கி நடந்தாள்.

"அக்கா, அங்க குளிரும். கார்லயே வா."

அவள் திரும்பவில்லை. பின்கதவைத் திறந்து ஏறி, பெட்டியை ஒட்டியிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். வேன் கிளம்பி, ஓரத்தில் நின்ற காரைத் தாண்டிப் போனது.

"எனக்கு யாரும் சொல்லலப்பா," என்றாள்.

என்ஜின் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. பெட்டியின் கண்ணாடியருகே குனிந்து, சத்தமாக இன்னொரு முறை சொன்னாள்.

"என்னம்மா, எங்கிட்டயா?" என்றார் டிரைவர்.

"இல்ல. நீங்க ஓட்டுங்க."