பானா லெபி விட்ட கோல்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஃப்ரீடவுனில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஜிப்ரிலின் குரல் கேட்கும். எங்கள் தேசியக் கால்பந்து அணிக்கு ஒன்பது வருஷம் கேப்டனாக இருந்தவன். அணியின் வரலாற்றை முதலிலிருந்து வாரத்துக்கு ஒரு மேட்சாக ரேடியோவில் சொல்லிக்கொண்டு வந்தான். முடிந்ததும் புத்தகமாகப் போடப்போவதாகப் பேச்சு. நான் ஒவ்வொரு வாரமும் பயந்துகொண்டே கேட்டேன். சொந்த மண்ணில் பக்கத்து நாட்டுக் கினிக்காரர்களிடம் தோற்ற மேட்ச் ஏதோ ஒரு சனிக்கிழமை வந்தே தீரும்.

அது வந்தபோது பானா லெபி செத்து முப்பத்தேழு நாள்தான் ஆகியிருந்தது.

பானா எங்கள் கோல் கீப்பர். கொம்பா என்கிற நான் அவனுக்கு மாற்று கீப்பர். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய மேட்ச் அது. டிரா செய்தாலே போதும், ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போயிருப்போம். எண்பத்தாறாவது நிமிஷத்தில் ஒருவன் முப்பது கஜத்திலிருந்து சும்மா உதைத்த பந்து பானாவின் கைக்கே வந்தது. வந்து, வழுக்கி, கோட்டைத் தாண்டி மெல்ல உருண்டு போனது.

பானாவின் மனைவி ஃபிண்டா எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பெண், கினிக்காரி. மேட்ச் முடிந்ததும் ரேடியோக்காரன் மைக்கை நீட்டினான். ஜிப்ரில் சொன்னான்: "கோல் எப்படிப் போச்சுன்னு என்னைக் கேக்காதீங்க. அவன் பொண்டாட்டி எந்த ஊருன்னு கேளுங்க."

அவ்வளவு போதுமானதாக இருந்தது. "பொண்ணெடுத்த ஊருக்குப் பரிசம் போட்டுட்டான்" என்று பாட்டே கட்டிவிட்டார்கள். அன்று சாயங்காலம் பானாவின் வீட்டுக் கதவை உடைத்தார்கள். தகரக் கூரைமேல் கல் மழை. எட்டு மாதக் கர்ப்பத்தோடு ஃபிண்டா கட்டிலுக்கடியில் படுத்துக் கிடந்தாள். பானா அப்புறம் விளையாடவே இல்லை. துறைமுகத்தில் காவலாளியாகச் சேர்ந்தான். வேலைக்குப் போகிற வழியெல்லாம் "பரிசம்! பரிசம்!" என்று கூச்சல். அந்த மேட்ச் நடந்தபோது பிறக்காதவர்கள்கூடக் கத்தினார்கள்.

புதன்கிழமை ஜிப்ரில் எனக்குப் போன் செய்தான்.

"டேய் கொம்பா, சனிக்கிழமை ஸ்டுடியோவுக்கு வா. கினி மேட்ச். நீ பெஞ்சில உக்காந்து பாத்த ஆளு. நான் சொல்லச் சொல்ல 'ஆமா' போடு, போதும்."

சரி என்றேன். அவனிடம் 'இல்லை' சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் மரவள்ளிக் கீரைக் குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஃபிண்டா வந்து வாசலில் நின்றாள்.

"நாளைக்கு அவன் பக்கத்துல நீ உக்காரப் போறியாமே?"

"கூப்பிட்டான். உள்ள வா ஃபிண்டா, ஒரு வாய் சாப்பிடு."

"உன் சோத்தை நாய்க்குப் போடு. அவரு விரலை யாரு மிதிச்சதுன்னு உனக்குத் தெரியும். அன்னிக்கு கோல்ல யாரு நின்னிருக்கணும்னும் தெரியும்."

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது. "அவன் சொன்னானா?"

"சாகறதுக்கு முந்தின வாரம். அதுவரைக்கும் வாயே திறக்கல. உன்னைக் காட்டிக்குடுக்கக் கூடாதாம். உனக்குக் கல்யாணம் பேசியிருந்தாங்களாம், பேரு கெட்டுடுமாம். என் பேரு என்னடா ஆச்சு? என் புள்ள பள்ளிக்கூடத்துல அடி வாங்காத நாள் ஒண்ணு சொல்லு பாப்போம்."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"போ. போயி 'ஆமா' போடு. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்."

நடந்தது இதுதான். மேட்சுக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமைப் பயிற்சியில் ஜிப்ரில் ஒழுங்காக ஓடவில்லை என்று பானா எல்லார் முன்னாலும் திட்டிவிட்டான். ஐந்து நிமிஷம் கழித்து, பந்தின்மேல் பாய்ந்து விழுந்த பானாவின் வலது கையில் ஜிப்ரிலின் ஆணி பூட்ஸ் இறங்கியது. காலை எடுக்க அவன் அவசரப்படவில்லை. இரண்டு விரல் முறிந்தது. கோச் என்னிடம் வந்து, "சனிக்கிழமை நீ நிக்கிற" என்றார். தலையாட்டினேன்.

சனிக்கிழமை பஸ் மைதானத்துக்குள் நுழையும்போது ஜன்னல் வழியாகக் கூட்டத்தைப் பார்த்தேன். மதில்மேல், மரத்தின்மேல், விளக்குக் கம்பத்தின்மேல் எல்லாம் ஆட்கள். தோற்றால் தோலை உரித்துவிடுவார்கள். வயிற்றால் போகிறது என்று கோச்சிடம் சொல்லிவிட்டுக் கக்கூசுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். வெளியே வந்தபோது பானா இரண்டு விரலையும் சேர்த்துப் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டிருந்தான். என்னை ஒரு பார்வை பார்த்தான். "சரி, நான் நிக்கிறேன்" என்றான்.

அவன் போன பிறகு நான்தான் நாட்டின் கீப்பர். நாலு வருஷம், இருபத்தொரு மேட்ச். அந்தப் பேரை வைத்துத்தான் வேலை கிடைத்தது, மரியாதை கிடைத்தது.

ஸ்டுடியோவில் ஜிப்ரில் கதையைப் பிரமாதமாகச் சொன்னான். பந்து உருண்ட இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, பெருமூச்சு விட்டு, என் பக்கம் திரும்பினான்.

"கொம்பா, நீ பாத்தே. அது புடிக்கக்கூடிய பந்துதானே?"

"ஆமா."

"சின்னப் புள்ளகூடப் புடிக்கும்ல?"

"ரெண்டு கையும் இருந்தா புடிக்கும்."

சிரித்தான். "ஏன், நம்ம மாப்பிள்ளைக்கு ஒரு கைதான் இருந்துச்சோ?"

"ஒண்ணுதான் இருந்துச்சு. இன்னொண்ணை வியாழக்கிழமை நீ மிதிச்சிட்டே."

அவன் சிரிப்பு உடனே நிற்கவில்லை. நான் கடகடவென்று சொல்லி முடித்தேன். பூட்ஸ், பிளாஸ்டர், கக்கூஸ் எல்லாவற்றையும். "அது நான் நிக்க வேண்டிய மேட்ச். வயித்தால போகுதுன்னு பொய் சொன்னேன். பானா யாருக்கும் எதையும் விக்கல, விட்டுக்குடுக்கல" என்றேன்.

ஜிப்ரில் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அவன் என்னைவிட வேகமானவன், அன்றும் இன்றும். மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டான்.

"கேட்டீங்களா மக்களே! இத்தனை வருஷமா நாம தேடின துரோகி இங்க என் பக்கத்துல உக்காந்திருக்கான். தானே ஒத்துக்கிறான்! நாடு கூப்பிட்டப்போ ஐயா கக்கூஸ்ல இருந்தாராம்!"

போன்கள் அலறின. முதலில் வந்தவன், "கக்கூஸ் கீப்பர், வெளிய வாடா, நாங்க நிக்கிறோம்!" என்றான். அடுத்து ஒரு பெண், "உன்னைப் பெத்தவ அன்னிக்கே தாழ் போட்டிருக்கணும்" என்றாள். நாலாவதாக ஒரு கிழவர் பேசினார்: "அது இருக்கட்டும், அந்தப் பூட்ஸ் விஷயம் என்ன?" லைன் கட்டாயிற்று. வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

வெளியே ஒருவன் என் முகத்தில் துப்பினான். வீட்டுக்குப் போனால் என் மகன் கதவைத் திறந்துவிட்டு, "வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டான்.

செவ்வாய்க்கிழமை பானாவின் நாற்பதாம் நாள் படையல். போனேன். முற்றம் நிறைய ஆட்கள், மடியில் சோற்றுத் தட்டுகள். "எனக்கு அப்பவே தெரியும், பானா தங்கம்" என்று ஒருவன் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அன்று கதவை உடைத்தவர்களில் அவனும் ஒருவன். ஃபிண்டாவின் மகன் என்னைப் பார்த்ததும் எழுந்தான். கல் விழுந்த அந்த மேட்சுக்கு அடுத்த மாதம் பிறந்தவன் அவன். ஃபிண்டா கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு, அவளே வாசலுக்கு வந்தாள்.

"எதுக்கு வந்தே?"

"சொல்லிட்டேன் ஃபிண்டா."

"கேட்டேன். அவரு உசுரோட இருக்கறப்போ சொல்லியிருந்தா உன் காலைக் கழுவியிருப்பேன். இப்ப யாருக்காகச் சொன்னே? எனக்கா, உனக்கா?"

உள்ளே இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இவங்களைப் பாரு. யாரு யாரு கல்லெறிஞ்சாங்கன்னு எனக்கு மனப்பாடம். இருந்தாலும் சோறு போடுறேன். அவங்களுக்கு அப்ப உண்மை தெரியாது. உனக்குத் தெரியும். போயிடு."

போய்விட்டேன்.

மழைக்காலத்தில் ஜிப்ரிலின் புத்தகம் வந்தது. கினி மேட்சுக்கு ஒரு பக்கம். கீப்பருக்குக் கையில் காயம் என்று ஒரு வரி, மாற்று கீப்பர் கோழை என்று மூன்று வரி. காயம் எப்படி வந்தது என்று எங்கும் இல்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கடையில் நின்றபடியே அந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன்: 'மிதித்தவர் இந்தப் புத்தகத்தை எழுதியவர். பார்த்தவன் கொம்பா.' கீழே கையெழுத்துப் போட்டு, அடுத்த பிரதியை எடுத்தேன். கடைக்காரன் பார்த்து ஓடிவந்து என் பிடரியில் கை வைத்துத் தள்ளுவதற்குள் பதினேழு பிரதி முடித்திருந்தேன்.

"பைத்தியமாடா நீ? யாருடா நீ?" என்று கத்தினான்.

"கக்கூஸ் கீப்பர்" என்று சொல்லிவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு, அடுத்த கடை எங்கே என்று தெருவில் விசாரித்தேன்.