குழாய்ச் சத்தம்

மூச்சுத் திணறிக் கிடந்த நாகராஜின் தலையை மடியில் தாங்கியிருந்தவள் அவன் மனைவி மரகதம். கால்மாட்டில் மகள் ஷோபனா. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்து குவார்ட்டர்ஸ் பாலகுமார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் அண்ணன் பழனிசாமி. டெலானிபூர் வீட்டில் அந்த முற்பகலில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்," என்றான் நாகராஜ். "குழாயத் தொறந்து விடச் சொல்லுங்க."

அந்தக் குழாய் எதற்கென்று பழனிசாமிக்குத் தெரியும். தம்பி பியாங்யாங்கில் ஒரு தூதர் வீட்டுச் சமையல்காரனாக இருந்தவன். விருந்துக்கு வரும் மற்ற நாட்டுத் தூதர்கள், எதிர்க் கட்டடத்தில் எத்தனை சன்னலில் விளக்கு எரிந்தது, முட்டைகோசுக்கு எவ்வளவு நீள வரிசை நின்றது, ஊர்வல மேடையில் எந்த அதிகாரியைக் காணோம் என்று பேச்செடுத்ததும் குழாயைத் திறந்துவிடுவது அவன் வேலை. சுவருக்குக் காது உண்டு என்று அவர்களுக்குப் பயம். தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு அமுங்கிவிடும். ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கையில் அவனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். மேசைப் பேச்சை அந்த நாட்டு அரசாங்கத்து ஆட்களிடம் ஒப்பித்தான் என்று இங்கே தீவில் ஜங்லிகாட் மார்க்கெட் வரை பேசினார்கள். பதினோரு வருடமாகப் பழனிசாமி அதைப் பற்றித் தம்பியிடம் கேட்டதில்லை. கேட்டால் நம்பியதாக ஆகிவிடும். கேட்காமலே 'இல்லை' என்று அவன் வாயால் ஒரு சொல் வந்தால் போதும் என்றிருந்தார்.

"இன்னிக்குப் பானி டர்ன் இல்லியே பாய், தண்ணி நாளைக்குத்தான் விடுவான்," என்றார் பாலகுமார்.

"டேங்குல கொஞ்சம் கெடக்கு," மரகதம் எழப் பார்த்தாள். "தொறக்கட்டுமா மாமா?"

"வேணாம், உக்காரு. ஒளிச்சுப் பேச நம்ம குடும்பத்துல ஒண்ணுமில்ல. சத்தமா சொல்லுடா, பாலகுமாரும் கேக்கட்டும்."

நாகராஜ் பாலகுமாரைப் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான். பிரிந்த உதடு மூடிக்கொண்டது.

"ஒரு நிமிஷந்தானே மாமா," என்றாள் மரகதம். பழனிசாமி கைகாட்டி அவளை உட்கார வைத்தார்.

பாலகுமார் ஆம்புலன்சுக்குப் போன் பேச வெளியே போனார். அவர் தலை மறைந்ததும் பழனிசாமி தரையில் முட்டி போட்டுத் தம்பியின் வாயருகே காதை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். மூச்சு மட்டும் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

டேங்க் தண்ணீரில்தான் குளிப்பாட்டினார்கள். வாளி நிறைந்து வழிந்த பிறகும் மரகதம் குழாயை மூடவில்லை.

சாயங்காலம் பாலகுமார் படிக்குக் கீழே நின்றவர்களிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "மர்னே கே டைம்லயும், சாவப்போற நேரத்துலயும், குழாயத் தொறங்கறான்னா பாரு. காட்டிக் குடுத்தது சச்தான், நெசந்தான். வாய் வரைக்கும் வந்துது, அண்ணங்காரன் விடல."

பழனிசாமி ஈர வேட்டியோடு படியிறங்கி வந்தார். பின்னால் மரகதம் நிலைப்படியைப் பிடித்தபடி நின்றாள்.

"நீ போன் பேசப் போனப்ப சொன்னான்," என்றார். "எங்கிட்ட எல்லாத்தையும் சொன்னான். அவன் யாரையும் காட்டிக் குடுக்கல."