குறுக்கே நின்றவர்

கிள்ளானிலிருந்து வேலைக்குப் போகும் வழியில், மழையில் நனைந்த மோட்டார் சைக்கிள் பாதையின் வளைவில் கதிரேசன் சறுக்கி விழுந்தான். கால் மோட்டாருக்கு அடியில் சிக்கிக்கொண்டது. பின்னால் வந்த ஒருவர் தம் மோட்டாரைக் குறுக்கே நிறுத்தினார். நெஞ்சில் காற்று அடிக்காமலிருக்க முன்பின்னாக மாட்டியிருந்த ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடிபோல வீசி, வரும் வண்டிகளை விலக்கினார்.

“அண்ணே, ஓரமா போங்க! இடிச்சிருவானுங்க!”

“என்னைத் தாண்டித்தானே உன்ன இடிக்கணும். காலை எடு லா!”

சிராய்ப்போடு வீடு திரும்பியவன் மனைவி ஷாமினியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, “மோட்டார வித்துடறேன். இனிமே கொமுட்டர் ரயில்தான்,” என்றான்.

“நான் எத்தன நாளா கத்துறேன்! இப்பதான் உயிர்மேல பயம் வந்துச்சா?”

“என் உயிர்னா துணிஞ்சிருவேன். நான் விழுந்ததுக்கு, குறுக்க நின்ன அந்த அண்ணன்ல செத்திருப்பாரு, ஷாமினி.”

“அவர் பேரு என்ன?”

“கேக்கல.”

அன்று விளக்கேற்றியபோது, பெயர் தெரியாத அந்த மனிதருக்காகத்தான் ஷாமினி முதலில் வேண்டிக்கொண்டாள்.