கேட்டதற்கு மட்டும் பதில்

என் மகளுக்குப் பதினைந்து வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான். ஆட்டிசம் என்று மூன்று வயதிலேயே சொல்லிவிட்டார்கள். நாங்கள் பழகிக்கொண்டோம், ஊர்தான் இன்னும் பழகவில்லை. மூன்று வாரமாக அவளுக்குச் சரியான சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூடக் கழிப்பறைச் சுவரில் நெற்றியை மோதிக்கொண்டே இருந்திருக்கிறாள். “சீன் போடறா, வந்து கூட்டிட்டுப் போங்க” என்று போன் செய்தார் வகுப்பு டீச்சர். அந்த அம்மாவுக்குத் தனியாக ஒரு கச்சேரி வைத்திருக்கிறேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். போட்டது போட்டபடி கிடக்க, அவளைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். மனநலப் பிரிவில், “ஆட்டிசம்னா வளர்ச்சிப் பிரிவுக்குப் போங்க” என்றார்கள். வளர்ச்சிப் பிரிவில், “தூக்கமில்ல, தலைய முட்டிக்கறான்னா மனநலப் பிரிவுதான்” என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் நான்கு மாடி. லிஃப்ட் வேறு பழுது. யார் வேலை செய்த லட்சணமோ! மூன்றாம் முறை ஏறியபோது நான் போட்ட சத்தத்தில்தான் மனநலப் பிரிவின் இளம் டாக்டர் ஒருவர் உள்ளே கூப்பிட்டார்.

அவர் கண் கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை.

“இப்ப செத்துப்போகணும்னு தோணுதா?”

“இல்ல.”

“இன்னைக்கு உன்னை நீயே ஏதாவது பண்ணிக்கப் போறியா?”

“இல்ல.”

ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். “என் முகத்தப் பாத்துப் பேசும்மா” என்று நடுவில் ஒரு அதட்டல், அவர் அவள் முகத்தைப் பார்க்காமலேயே. நாலு நிமிஷத்தில் முடிந்தது.

“பயப்பட ஒண்ணுமில்ல சார். இந்த வயசுல அடம் இருக்கும். நீங்க கொஞ்சம் ஓவரா இடம் குடுத்துட்டீங்க.”

இடமா? அந்தக் குழந்தை நிம்மதியாக நிற்க இந்த உலகத்தில் ஓர் அடி இடம் கொடுத்தவன் யார்? பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

என் தொழிலில், “லிஃப்ட் ஓடல” என்று போனில் சொன்னால் ஒன்றும் புரியாது. எந்த மாடியில் நின்றது, கதவு மூடியதா, என்ன சத்தம் வந்தது என்று துருவிக் கேட்க வேண்டும். பாப்பாவிடமும் அப்படித்தான். கேட்டதற்கு மேல் ஒரு சொல் வராது. ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரர் வந்து “அப்பா இருக்காராம்மா?” என்றார். “இருக்காரு” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள். அதை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்! அப்போதுதான் டாக்டரின் கேள்வி உறைத்தது.

“பாப்பா, இன்னைக்கு இல்லன்னா, என்னைக்கு?”

“வியாழக்கிழமை.”

பல் டாக்டரிடம் போகும் நாளைச் சொல்வது போலச் சொன்னாள்.

“ஏன் வியாழக்கிழமை?”

“அன்னைக்கு நீயும் அம்மாவும் வீட்ல இருக்க மாட்டீங்க.”

கதவைத் தட்டவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நேரே உள்ளே போனேன்.

“அவதான் இல்லன்னு சொன்னாளே” என்றார் டாக்டர்.

“இன்னைக்கான்னு கேட்டீங்க, இல்லன்னா. இன்னைக்கு செவ்வாய். அவ முடிவு பண்ணி வச்சிருக்கறது நாளன்னைக்கு! உங்க டிக்க எங்க சார் போடப் போறீங்க?”

மனிதர் வெளுத்துப்போனார். உடனே போனை எடுத்துப் படுக்கை கேட்டார். கூடவே ஒரு நர்ஸை அனுப்பச் சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“நான் கேக்காம விட்டது வேற ஏதாவது இருக்காம்மா?”

“இருக்கு.”

அவர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“என்னன்னு கேளுங்க சார்!”

“என்னம்மா அது?”

“வலிக்குதான்னு” என்றாள். “டீச்சர் கேக்கல. நீங்க கேக்கல. அப்பாவும் கேக்கல.”

காலையிலிருந்து ஊரையே திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தவன் நான். அவள் நெற்றி வீங்கிக் கிடந்தது. அதை எத்தனை தடவை பார்த்தேன்! அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

“வலிக்குதா பாப்பா?”

“ரொம்ப” என்றாள். “மூணு வாரமா.”